ஒருவர் கேட்டதற்கு இன்னொருவரின் பதில்: சாக்கெட்டும் வலை ரிக்வெஸ்டும்

கேள்வி: நாமக்கல்லில் லாரி உரிமையாளர்களுக்கு ஜிபிஎஸ் கண்காணிப்பு சேவை நடத்துகிறோம். சுமார் 800 வண்டிகள். எல்லாவற்றிலும் இருப்பது ஜிடி06 வகை ட்ராக்கர்கள் (வண்டியின் இருப்பிடத்தை அனுப்பும் கருவிகள்). எங்கள் சர்வரோடு டிசிபி சாக்கெட்டில் (இரு பக்கமும் பேசத் திறந்தே இருக்கும் இணைப்பு) எப்போதும் இணைந்தே இருக்கும். சர்வர் நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) எழுதியது. உரிமையாளர் வலைப்பக்கத்தில் 'நிலை அறிய' பட்டனை அழுத்தினால் எக்ஸ்பிரஸுக்கு (வலை ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கும் நோட் ஜேஎஸ் பகுதி) ரிக்வெஸ்ட் வரும். அந்த வண்டியின் சாக்கெட்டில் கட்டளையை எழுதிவிட்டு, அடுத்து வரும் 'டேட்டா' ஈவென்ட்டை (தகவல் வந்ததைச் சொல்லும் அறிவிப்பு) ஒருமுறை மட்டும் பிடித்து, வந்ததை அப்படியே பதிலாக அனுப்புகிறோம். ஒருவர் மட்டும் பயன்படுத்தியவரை ஓடியது. இப்போது உரிமையாளரும் மேலாளரும் ஒரே வண்டிக்கு வேறு வேறு கட்டளை கொடுத்தால் இருவருக்கும் ஒரே பதில் போகிறது. சில நேரம் பதிலாக இருப்பிடத் தகவல் வருகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி இருந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேகம் கூடட்டும் என்று பிஎம்2வில் (ஒரே நிரலைப் பல பிரதிகளாக ஓட்டும் கருவி) 4 ப்ராசஸாக ஓட்டியதும், பெரும்பாலான கட்டளைகளுக்கு 'வண்டி இணைப்பில் இல்லை' என்று வருகிறது. இன்ஜின் ஆஃப் கட்டளையும் இதே வழியில்தான் போகிறது. வெப்சாக்கெட்டுக்கு (பிரௌசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) மாறினால் தீருமா?

பதில்: வணக்கம். கோடு (நிரல்) பக்கம் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். இந்தக் குழப்பம் தீரும்வரை வலைப்பக்கத்திலிருந்து இன்ஜின் ஆஃப் பட்டனை எடுத்துவிடுங்கள். நிலை அறியும் கட்டளைக்குத் தப்பான பதில் போனால் உரிமையாளர் போன் போட்டுத் திட்டுவார், அவ்வளவுதான். இன்ஜின் கட்டளை அப்படிப்பட்டதில்லை. திரையில் 'தோல்வி' என்று காட்டியாயிற்று, உரிமையாளரும் விட்டுவிட்டார். பத்து நிமிடம் கழித்து வண்டி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அந்தக் கட்டளை போய்ச் சேர்ந்தால்? இதை எழுதும்போதே எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அதனால் மற்ற எதையும்விட முதலில் இதைச் செய்யுங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் நான்கு கோளாறு எழுதியிருக்கிறீர்கள். பிஎம்2 கோளாறுக்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். மற்ற மூன்றும் ஒரே ஊகத்திலிருந்து கிளம்புகின்றன: 'நான் எழுதிய பிறகு அடுத்து வருவது எனக்கான பதில்.' எச்டிடிபியில் இப்படி நினைப்பதில் தப்பில்லை. அங்கே கேள்விக்கும் பதிலுக்கும் முடிச்சுப் போடும் வேலையை நெறிமுறையே செய்துவிடுகிறது. வெறும் டிசிபி சாக்கெட்டில் அந்த முடிச்சு கிடையாது. இரு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், கேட்காததையும் சொல்லலாம். உங்கள் ட்ராக்கர் அதைத்தான் செய்கிறது. ஹெக்ஸில் (16 அடிமான எண் முறை) 12 என்ற எண்ணோடு இருப்பிடம், 13 என்ற எண்ணோடு ஹார்ட்பீட் (இணைப்பில் இருக்கிறேன் என்ற சைகை), 16 என்ற எண்ணோடு அலாரம் என்று தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் 80 என்ற எண்ணில் கட்டளை அனுப்பினால், அதற்கான பதில் 15 என்ற எண்ணில், புதிய மாடல்கள் சிலவற்றில் 21 என்ற எண்ணில், இவற்றுக்கு நடுவே எங்கேயோ வரும். நீங்கள் மாட்டிய ஒருமுறைக் கேட்பான் (ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) முதலில் எது வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பேர் மாட்டியிருந்தால் ஒரே தகவல் இரண்டு கேட்பானையும் எழுப்பும். அடுத்து வரும் உண்மையான இரண்டாவது பதிலைக் கேட்க ஆளே இருக்காது. உரிமையாளருக்கும் மேலாளருக்கும் ஒரே பதில் போனது இப்படித்தான்.

இன்னொரு பிழை உங்கள் கண்ணில் இன்னும் பட்டிருக்காது. 'டேட்டா' ஈவென்ட் ஒருமுறை வந்தால் ஒரு செய்தி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிசிபி தருவது பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே. 1981இல் வந்த ஆர்எஃப்சி 793 என்ற டிசிபி தர ஆவணம் முதல் இன்றுவரை அதன் ஒப்பந்தம் அதுதான். ஒரு பாக்கெட் (ட்ராக்கரின் ஒரு முழுச் செய்தி) இரண்டாக உடைந்து இரண்டு ஈவென்டில் வரலாம், மூன்று பாக்கெட் ஒட்டிக்கொண்டு ஒரே ஈவென்டில் வரலாம். அலுவலகத்து வைஃபையில் சோதிக்கும்போது இது தெரியாது. மலைப்பாதையில் 2ஜி சிக்னலில் போகும் வண்டியில் கட்டாயம் தெரியும். எனவே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு பஃபர் வையுங்கள். வருவதையெல்லாம் அதில் சேர்த்து, முழு பாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெட்டி எடுத்து, மீதியில் இன்னொன்று இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஜிடி06இல் தொடக்கம் 78 78. அடுத்த ஒரு பைட் நீளம். அந்த நீளத்தோடு 5 சேர்த்தால் மொத்த பாக்கெட்டின் அளவு. பெரிய பாக்கெட்டுகள் 79 79 என்று தொடங்கும். அங்கே நீளத்துக்கு இரண்டு பைட், கூட்ட வேண்டியது 6. செய்தி சிதையாமல் வந்ததா என்று காட்டும் சிஆர்சியையும் சரிபாருங்கள். ஒரு சாக்கெட்டுக்கு ஒரே ஒரு கேட்பான், அது இந்தப் பிரிப்பானுக்கு மட்டும் சொந்தம். எக்ஸ்பிரஸ் கோடு எதுவும் சாக்கெட்டின் 'டேட்டா' ஈவென்ட்டைத் தொடவே கூடாது.

பாக்கெட் முழுதாகக் கிடைத்த பிறகு, அது யாருடைய பதில் என்ற கேள்வி. இதற்குப் பழைய, நம்பகமான வழி ஒன்று உண்டு: கேட்கும்போது ஒரு எண்ணைச் சேர்த்து அனுப்புவது, எதிர்ப்பக்கம் பதிலில் அதே எண்ணைத் திருப்பித் தருவது. கோவில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் வாங்குகிறோமே, அதே ஏற்பாடு. யார் முதலில் உள்ளே போனார், யார் முதலில் வெளியே வந்தார் என்று யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. பல துறைகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. இணையப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் கேள்வியில் 16 பிட் எண் இருக்கிறது. எஸ்எம்எஸ் நிறுவனங்கள் பேசும் எஸ்எம்பிபியில் 4 பைட் வரிசை எண். தொழிற்சாலைகளில் ஓடும் மோட்பஸ் டிசிபியில் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் முதல் 2 பைட் இதற்காகவே. சிறு கருவிகள் பேசிக்கொள்ளும் எம்க்யூடிடி பல வருடம் இது இல்லாமலே ஓடியது. 2019இல் தரமாக வந்த 5ஆம் பதிப்பில் 'பதில் எந்தத் தலைப்பில் வர வேண்டும்', 'எந்தக் கேள்விக்கு' என்று இரண்டு புலங்களைச் சேர்த்தார்கள்.

உங்களுக்கு நல்ல செய்தி என்னவென்றால் ஜிடி06இலும் இந்த இடம் இருக்கிறது. 80 எண் கட்டளையில், கட்டளையின் நீளத்துக்கு அடுத்து 'சர்வர் ஃப்ளாக்' என்று 4 பைட் வரும். ட்ராக்கர் அதைத் தொடாமல் அப்படியே பதிலில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. உங்கள் கோடில் இதில் நான்கு சுழியம் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான மாதிரிக் கோடுகள் அப்படித்தான் இருக்கின்றன. அந்த இடத்தில் உங்கள் எண்ணை வையுங்கள். 4 பைட்டில் சுமார் 429 கோடி எண்கள் அடங்கும், இடப் பஞ்சம் இல்லை. ஆனால் சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் 1இலிருந்து எண்ண ஆரம்பிக்காதீர்கள். விழுவதற்கு முன் அனுப்பிய 7ஆம் கட்டளையின் தாமதமான பதில், எழுந்த பின் அனுப்பிய 7ஆம் கட்டளைக்கு ஒட்டிக்கொள்ளும். ரேண்டமாக ஓர் எண்ணில் தொடங்கி அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போங்கள். அப்புறம், எண் மட்டும் பொருந்தினால் போதாது, ட்ராக்கரின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயும் பொருந்த வேண்டும். ஐஎம்இஐயும் எண்ணும் சேர்ந்ததே உங்கள் சாவி.

இனி காத்திருப்போர் பட்டியல். இந்த மொத்த வடிவமைப்பின் இதயம் இதுதான், இதைச் சரியாக எழுதினால் மற்றவை தானாக அமையும். ஒரு மேப் (சாவி கொடுத்தால் அதற்கான மதிப்பைத் தரும் அட்டவணை). சாவி மேலே சொன்னது. மதிப்பில் ப்ராமிஸை (பின்னால் வரப்போகும் முடிவுக்கான பிடி) முடித்துவைக்கும் இரண்டு ஃபங்ஷன்கள், ஒரு டைமர், அனுப்பிய நேரம், லாக்குக்கான (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு) ரிக்வெஸ்ட் ஐடி. எக்ஸ்பிரஸ் ரூட் செய்ய வேண்டியது 'இந்த வண்டிக்கு இந்தக் கட்டளை' என்று ஒரு ஃபங்ஷனை அழைத்து அது தரும் ப்ராமிஸுக்குக் காத்திருப்பது மட்டும். சாக்கெட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வேண்டாம். அந்த ஃபங்ஷன் எண் எடுக்கும், பட்டியலில் பதியும், அதன் பிறகே சாக்கெட்டில் எழுதும். இந்த வரிசை முக்கியம். எழுதிவிட்டு நடுவில் டேட்டாபேஸுக்கு ஒரு அவெய்ட் (காத்திருப்பு) போட்டு, பிறகு பதிந்தால், பதில் அதற்குள் வந்து ஆள் இல்லாமல் திரும்பிவிடும். ஜாவா, சி ஷார்ப் போன்ற பல த்ரெட் மொழிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பதில் பாக்கெட் வந்ததும் பிரிப்பான் சாவியைத் தேடும். கிடைத்தால் முதலில் பட்டியலிலிருந்து நீக்கி, டைமரை நிறுத்தி, அதற்குப் பிறகு ப்ராமிஸை முடிக்கும். கிடைக்காவிட்டால் அது தாமதமாக வந்த பதில். லாக்கில் எழுதுங்கள், தூக்கிப் போடாதீர்கள். அதன் பயன் பின்னால் வரும். பட்டியலிலிருந்து ஒரு பதிவு வெளியேற மூன்று வழிகள் உண்டு: பதில் வந்தது, நேரம் முடிந்தது, சாக்கெட் அறுந்தது. மூன்றும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போகட்டும். வெவ்வேறு இடத்தில் நீக்கினால் ஏதாவது ஒன்றில் டைமரை நிறுத்த மறந்து, நாள் போகப் போக நினைவகம் ஊதும்.

பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உங்களிடம் டைம்அவுட்டே இல்லை என்பது. எழுதும் ஃபங்ஷன் பிழை தராமல் திரும்பினால் தகவல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சர்வரின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவே. எதிர்ப்பக்கம் செத்துப் போயிருந்தாலும் லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் கால் மணி நேரம் வரைகூட மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிழை சொல்லும். எழுதாமல் சும்மா இருக்கும் சாக்கெட்டில் கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) போட்டிருந்தாலும் முதல் சோதனை இயல்பாக 2 மணி நேரம் கழித்தே போகும். ஆகவே நேரக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வினாடி? உள்ளே இருக்கும் அடுக்கின் காத்திருப்பு நேரம் வெளியே இருக்கும் அடுக்கினுடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அதுதான் விதி. ரிக்வெஸ்டை முதலில் வாங்கி உங்கள் கோடுக்குக் கடத்தும் என்ஜின்எக்ஸ் முன்னால் இருந்தால் அது இயல்பாக 60 வினாடி காத்திருந்து 504 (நேரம் முடிந்தது என்ற பிழை) காட்டும். அதற்கு முன்பே நீங்கள் முடிவு சொல்லியாக வேண்டும். ட்ராக்கருக்கு 25 வினாடி கொடுங்கள். அதற்குள் வராவிட்டால் உங்கள் கோடே தெளிவான ஒரு செய்தியோடு 504 அனுப்பட்டும். வண்டி இணைப்பிலேயே இல்லை என்று தெரிந்தால் காக்க வைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

'இணைப்பில் இருக்கிறதா' என்பதைத் தெரிந்துகொள்வதிலும் ஒரு குழி இருக்கிறது. ஐஎம்இஐக்கு எதிரே சாக்கெட்டை ஒரு மேப்பில் வைத்திருப்பீர்கள். வண்டி ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சில நேரம் பழைய இணைப்பு சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து, ட்ராக்கர் புது சாக்கெட்டில் வந்து லாகின் செய்யும். மேப்பில் புதியது ஏறிவிடும். பல நிமிடம் கழித்துப் பழைய சாக்கெட்டின் 'க்ளோஸ்' ஈவென்ட் வரும், உங்கள் கோடு அந்த ஐஎம்இஐயை மேப்பிலிருந்து அழித்துவிடும். வண்டி இணைப்பில் இருக்கிறது, இருப்பிடம் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் கட்டளை கொடுத்தால் 'இணைப்பில் இல்லை'. இதைத் தேடிக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும். தீர்வு ஒரே வரி: மேப்பில் இப்போது இருப்பது இதே சாக்கெட்தானா என்று பார்த்து, ஆமாம் என்றால் மட்டும் அழியுங்கள். புது லாகின் வந்ததும் பழைய சாக்கெட்டை நீங்களே மூடிவிடுங்கள். ஹார்ட்பீட் இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் ஒரு சத்தமும் இல்லாத சாக்கெட்டையும் மூடுங்கள்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: எல்லா ட்ராக்கரும் ஃப்ளாக்கை ஒழுங்காகத் திருப்பித் தருமா? ஜிடி06 என்ற பெயரில் பல நிறுவனங்கள் செய்கின்றன, அதனால் கையேட்டை மட்டும் நம்பாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விசித்திரமான எண்ணை அனுப்பி அது அப்படியே திரும்புகிறதா என்று பாருங்கள். திருப்பாத மாடல் ஏதாவது இருந்தால் அதற்கு ஒரே வழி வரிசை. அந்த வண்டிக்கு ஒரு நேரத்தில் ஒரே கட்டளை; அதன் பதில் வந்த பிறகே அடுத்தது. எண் இல்லாத நெறிமுறைகள் பலவும் வரிசையை நம்பியே பிழைக்கின்றன. சீரியல் கம்பியில் ஓடும் பழைய மோட்பஸில் எண் கிடையாது. அங்கே ஒன்று கேட்டு, பதில் வாங்கி, பிறகே அடுத்ததைக் கேட்பார்கள். ரெடிஸில் (நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸ்) கட்டளைகளை வரிசையாக அனுப்பினால் பதில்கள் அதே வரிசையில் வரும் என்ற உறுதி உண்டு, அதை வைத்துப் பொருத்துகிறார்கள்.

வரிசை முறையின் பலவீனம் டைம்அவுட்டில் இருக்கிறது. முதல் கட்டளை நேரம் முடிந்து கைவிடப்பட்டது, இரண்டாவதை அனுப்பினீர்கள், அப்போது முதலாவதின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதற்கு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொன்றும் ஒரு படி தள்ளியே பொருந்தும், யாரும் கவனிக்காவிட்டால் சாக்கெட் அறும்வரை இப்படியே போகும். ஆகவே இந்த மாடல்களில் ஒரு கட்டளை நேரம் தாண்டினால் சாக்கெட்டை மூடிவிடுங்கள், ட்ராக்கர் தானே திரும்ப இணையும். கூடவே பதிலின் வாசகத்தையும் பாருங்கள். பல கட்டளைகளுக்குப் பதில் அந்தக் கட்டளையின் பெயரோடே தொடங்கும். தொடங்காவிட்டால் அது உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

பிஎம்2 விஷயத்துக்கு வருகிறேன். 4 ப்ராசஸ் ஓடும்போது வண்டியின் சாக்கெட் அதில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது, வலை ரிக்வெஸ்ட் நான்கில் எதற்கு வேண்டுமானாலும் போகிறது. இரண்டும் ஒரே ப்ராசஸில் சந்திக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மற்ற மூன்று முறையும் 'இணைப்பில் இல்லை'. மேப் என்பது ஒரு ப்ராசஸின் நினைவகத்தில் இருப்பது, பக்கத்து ப்ராசஸுக்கு அது தெரியாது. சாக்கெட்டையும் ரெடிஸில் போட்டு வைக்க முடியாது.

இதற்குப் பெரிய பெரிய தீர்வுகள் சொல்வார்கள். ராபிட்எம்க்யூவில் (ப்ராசஸ்களுக்கு இடையே செய்தி கடத்தும் மென்பொருள்) ஒவ்வொரு செய்தியோடும் பதில் முகவரியும் பொருத்தும் ஐடியும் அனுப்பலாம். ரெடிஸ் பப்சப் (சேனலில் போட்டதை அப்போது கேட்பவர்களுக்குத் தரும் வசதி) வைத்து ஒவ்வொரு வலை ப்ராசஸுக்கும் ஒரு பதில் சேனல் வைக்கலாம். ஆனால் கேட்பவர் இல்லாத நேரத்தில் வந்த செய்தியை ரெடிஸ் பப்சப் சேமித்து வைக்காது என்பது நினைவிருக்கட்டும். 800 வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. ட்ராக்கர் சாக்கெட்டுகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒரு தனி ப்ராசஸ், அதற்கு கேட்வே என்று பெயர் வையுங்கள். 800 இணைப்புகள் நோட் ஜேஎஸ்ஸுக்கு ஒரு சுமையே இல்லை. காத்திருப்போர் பட்டியலும் அதற்குள்ளேயே இருக்கும். வலைப்பக்க ப்ராசஸ்கள் நான்கோ எட்டோ ஓடட்டும். கட்டளை தேவைப்படும்போது கேட்வேயை உள்ளுக்குள் ஒரு எச்டிடிபி அழைப்பால் கேட்கட்டும். அந்த அழைப்பை வெளி உலகம் தொடாதபடி உள்முகவரியில் மட்டும் திறந்து வையுங்கள். இன்னொரு லாபமும் இருக்கிறது: வலைப்பக்கத்தில் ஒரு திருத்தம் செய்து ரீஸ்டார்ட் செய்தால் இப்போது 800 வண்டியும் அறுந்து மறுபடி இணைகின்றன, பிரித்துவிட்டால் அது நடக்காது.

இப்போது இன்ஜின் கட்டளை. நிலை அறியும் கட்டளைக்கு ரிக்வெஸ்டைப் பிடித்து வைத்துக்கொண்டு 25 வினாடி காத்திருப்பதில் தவறில்லை. இன்ஜினுக்கு அந்த வடிவமே பொருந்தாது. டைம்அவுட் என்பதற்கு 'நடக்கவில்லை' என்று பொருள் கிடையாது. 'நடந்ததா என்று தெரியவில்லை' என்றே பொருள். கட்டளை வண்டிக்குப் போகவே இல்லாமல் இருக்கலாம். போய், நிறைவேறி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வங்கித் துறை இதே சிக்கலோடு பல காலம் வாழ்ந்திருக்கிறது. ஏடிஎம் செய்திகள் ஐஎஸ்ஓ 8583 வடிவத்தில் போகின்றன. அதில் 11ஆம் புலத்தில் 6 இலக்க எண் ஒன்று கேள்வியையும் பதிலையும் இணைக்கும். பதில் வராவிட்டால் அவர்கள் 'தோல்வி' என்று முடித்துக்கொள்வதில்லை, அந்தப் பரிவர்த்தனையைத் திரும்பப் பெறச் சொல்லித் தனியாக ஒரு செய்தி அனுப்புகிறார்கள். அப்படியும் கணக்கில் கழிந்து கையில் பணம் வராமல் போவது உண்டு. அதற்காகத்தான் 5 நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதி வைத்தது. பணத்தைத் திருப்பித் தரலாம். ஓடும் லாரியின் இன்ஜினை நிறுத்தியதைத் திருப்ப முடியாது.

எனவே இப்படிச் செய்யுங்கள். பட்டனை அழுத்தியதும் டேட்டாபேஸில் ஒரு கட்டளைப் பதிவு: யார், எந்த வண்டி, எப்போது, எந்த எண். வலைப்பக்கத்துக்கு உடனே 202 என்ற நிலைக் குறியீட்டோடு அந்தப் பதிவின் ஐடி போகட்டும். 'வாங்கிக்கொண்டோம், இன்னும் முடியவில்லை' என்பதற்கு எச்டிடிபி வைத்திருக்கும் குறியீடு அது. பக்கம் சில வினாடிக்கு ஒருமுறை அந்த ஐடியின் நிலையைக் கேட்டுத் திரையில் காட்டும். நிலைகள்: பதிவானது, அனுப்பியாயிற்று, பதில் வந்தது, தெரியவில்லை. தாமதமான பதிலை லாக்கில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அது இங்கே உதவும். 'தெரியவில்லை' என்று நிற்கும் பதிவின் எண்ணோடு பதில் பின்னால் வந்தால் நிலையைத் திருத்தி உரிமையாளருக்குச் சொல்லிவிடலாம்.

இணைப்பில் இல்லாத வண்டிக்கான இன்ஜின் கட்டளையை 'வந்ததும் அனுப்பலாம்' என்று வரிசையில் வைக்கவே வைக்காதீர்கள். முன்பு சொன்ன கணவாய் விபத்துக்கு நேர் வழி அது. கேட்வே அனுப்பப் போகும் நொடியில் கட்டளையின் வயதைப் பார்த்து, 30 வினாடியைத் தாண்டியிருந்தால் ரத்து செய்யட்டும். கெர்னலின் பஃபரில் கிடக்கும் கட்டளையும் பிறகு போய்ச் சேரலாம் என்பதால், கடைசித் தகவல் வந்து வெகுநேரமான சாக்கெட்டில் இதை எழுதாதீர்கள். பதிலுக்கான நேரம் முடிந்தால் 'எண்ட்' என்றோ வெறும் 'டெஸ்ட்ராய்' என்றோ மூடாமல் 'ரீசெட் அண்ட் டெஸ்ட்ராய்' செய்துவிடுங்கள். முதல் இரண்டு வழியில் மூடினால் கெர்னல் கையில் இருப்பதை அனுப்பிவிட்டு மூடத்தான் முயலும். ஆபத்து இதனால் குறையும், முழுதாகப் போய்விடாது. ஏற்கெனவே புறப்பட்ட பாக்கெட்டை யாராலும் திரும்ப அழைக்க முடியாது. அதனால் வண்டி நின்றிருக்கிறது என்று சில வினாடிக்கு முன் வந்த இருப்பிடத் தகவல் காட்டினால் மட்டும் அனுப்புங்கள். ஜிடி06 கையேட்டில் வேகம் 20 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, ஜிபிஎஸ்ஸும் பிடித்திருந்தால் மட்டுமே எரிபொருள் துண்டிப்பு நிறைவேறும் என்று இருக்கிறது. எல்லா மாடலும் அதைப் பின்பற்றும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம், உங்கள் பக்கமும் தடை இருக்கட்டும். அப்புறம், பதில் வந்துவிட்டது என்பதற்காகப் பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்று காட்டாதீர்கள். வேகம் அதிகம், ஜிபிஎஸ் பிடிக்கவில்லை என்று மறுக்கும் பதில்களும் அதே எண்ணோடுதான் வரும். வாசகத்தைப் படித்து முடிவு செய்யுங்கள்.

லாக் பற்றிச் சுருக்கமாக: வலை ரிக்வெஸ்டுக்கு ஒரு ஐடி, அது கேட்வேக்குப் போகும் அழைப்பிலும் காத்திருப்போர் பட்டியலின் பதிவிலும் இருக்க வேண்டும். நோட் ஜேஎஸ்ஸின் அசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் (ஒரு ரிக்வெஸ்டின் விவரத்தை அதன் வேலைகளோடு கொண்டுசெல்லும் வசதி) இதைத் தானாகக் கொண்டுபோகும் என்று எண்ண வேண்டாம். பதில் வந்து எழும் 'டேட்டா' ஈவென்ட் அந்த சாக்கெட்டைச் சேர்ந்தது, அதற்கு உங்கள் ரிக்வெஸ்ட் யாரென்று தெரியாது. பட்டியலில் வைத்த ஐடியை எடுத்து எழுதினால்தான் லாக்கில் கட்டளையும் பதிலும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடைக்கும்.

இதையெல்லாம் உண்மையான வண்டியில் சோதிக்காதீர்கள். ட்ராக்கர் போல நடிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதுங்கள். லாகின் செய்யட்டும், நடுநடுவே இருப்பிடம் அனுப்பட்டும், இரண்டு கட்டளை வாங்கி இரண்டாவதற்கு முதலில் பதில் தரட்டும். பதிலை ஒவ்வொரு பைட்டாக அனுப்பட்டும், பிறகு மூன்று பாக்கெட்டை ஒட்டி ஒரே மூச்சில் அனுப்பட்டும். ஒரு கட்டளைக்குப் பதிலே தராமல் இருக்கட்டும், இன்னொன்றுக்கு 26ஆவது வினாடியில் தரட்டும், வேறொன்றுக்கு இரண்டு முறை தரட்டும். பழைய சாக்கெட்டை மூடாமலே புதியதில் லாகின் செய்யட்டும். இத்தனையும் தாண்டிய பிறகு காத்திருப்போர் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் நிலை அறியும் கட்டளையை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடலாம்.

நிலை அறிய ஒவ்வொரு முறையும் ட்ராக்கரைக் கேட்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். வண்டி எங்கே, என்ன வேகம், இக்னிஷன் ஆனா ஆஃபா என்பதெல்லாம் வழக்கமான பாக்கெட்டுகளில் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியாக வந்ததை 'இத்தனை வினாடிக்கு முன்' என்ற குறிப்போடு காட்டினால் பெரும்பாலான உரிமையாளர்களுக்குப் போதும், சாக்கெட்டைத் தொடவே வேண்டியதில்லை.

கடைசியாக, வெப்சாக்கெட். அது மாற்றுவது பிரௌசருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே உள்ள பாதையை மட்டும். கோளாறு இருப்பது சர்வருக்கும் வண்டிக்கும் இடையே. இன்னும் சொன்னால், வெப்சாக்கெட்டிலும் கேள்வி பதில் முடிச்சு கிடையாது, அங்கேயும் இதே எண், இதே பட்டியல் என்று இன்னொரு முறை எழுத வேண்டிவரும். முதலில் கேட்வேயைப் பிரித்துப் பட்டியலை எழுதி முடியுங்கள். அதன் பிறகு, சில வினாடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்பது சர்வருக்குச் சுமையாகத் தெரிந்தால் மட்டும் வெப்சாக்கெட் பக்கம் போகலாம். 800 வண்டிக்கு அப்படித் தெரியாது என்றே நினைக்கிறேன்.